ஒத்துவந்த பெயர்

சுனாமி நிவாரண அலுவலகத்தில் நிருஷா கணினித் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பேசினாள்.

“மகளைக் காணேல்ல எண்டு உங்கட மனிசி பதிஞ்சிருக்கிறா ஐயா. எக்ஸெல்ல சூத்திரம் போட்டு, அந்தப் பெயரை மற்றப் பட்டியலோட எழுத்தெழுத்தா ஒப்பிட்டனான். வேலாப்போடி சுதர்சினி. தொண்ணூற்று நாலு வீதம் ஒத்து வருது.”

வேலாப்போடி கதிரையில் நிமிர்ந்தே இருந்தார். “அப்ப மிச்ச ஆறு வீதம் வேற ஆள்தானே?”

“பிறந்த ஊரும் அமிர்தகழிதான் ஐயா.”

“புள்ள, எனக்கு மகள் இல்லை. ஆரோ ஒருத்தனோட ஓடினவளை எனக்குத் தெரியாமத் தேடினது மனிசியின்ட பிழை. ஒத்து வரேல்ல எண்டு எழுது. அவள் திரும்பி வந்து என்ட வாசல் படலையில நிண்டால், நான் ஊருக்குள்ள தலை காட்டேலாது.”

“அவ வரமாட்டா ஐயா.” நிருஷாவின் குரல் தாழ்ந்தது. “மற்றப் பட்டியல், அடையாள அட்டையோட எடுத்து ஆஸ்பத்திரியில வச்சிருக்கிற உடல்களின்ட பட்டியல்.”

வேலாப்போடி எழுந்து, சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“அப்ப அவள் என்ட மகள்தான்” என்றார். “பறைமேளம் அடிச்சு, பிரேதத்தை எங்கட வீட்டில இருந்தே எடுப்பம்.”