பூட்டுக் கடையின் உள்ளறை

அன்று மாலை கடையில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, அவன் மனைவி, அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகக் கார் கொண்டுவந்திருந்த அவளுடைய அண்ணன், பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரர். கண்ணாடிக்காரருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர்.

வேறு யாரும் இல்லை. “நானும் பார்த்தேன்” என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

கடை எங்கள் அப்பா தொடங்கியது. பூட்டும் சாவியும் எங்கள் தொழில். முன்னால் கல்லாவில் நான். உள்ளறையில் சாவி வெட்டும் எந்திரத்தோடு தம்பி.

தம்பி மனைவி வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். அவளுடைய பெட்டி காரில் ஏறியாகிவிட்டது.

நோயில் விழுந்தாள், தேறினாள். தலைமுடி மட்டும் தேறவில்லை. அங்கங்கே பொட்டலும் பூனைமுடியுமாக முளைத்ததைத் துணி கட்டி மறைத்துக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து அவள் வந்த அன்றே தம்பி தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான். அவன் குறட்டை அவளை எழுப்பிவிடுமாம்.

அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

உடம்பு தேறிய பிறகும் அவள் கூப்பிடவில்லை, அவனும் போகவில்லை. நடுவில் எனக்குத் தபால்காரன் வேலை. “மாமா, கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சுன்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க” என்பாள். தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

அன்றும் சாவியை என்னிடம்தான் நீட்டினாள்.

“இதையும் உங்க தம்பிகிட்ட குடுத்துடுங்க மாமா.”

“இந்தத் தபாலை நான் வாங்க மாட்டேன். நீயே போய்க் குடும்மா” என்றேன்.

ஒரு கணம் என்னை முறைத்தாள். பிறகு உள்ளே போனாள். எந்திரம் நின்றது.

“என்னைப் பாத்து வாங்கிக்கோங்க. எவ்வளவு நாளைக்குத்தான் செவுத்தைப் பாத்தே பேசுவீங்க?”

“பாத்தா அழுதுடுவேன்டி. நான் அழுதா நீ பயந்துடுவேன்னுதான்…”

நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நான் ஒண்ணும் பயப்படல. அழுங்க.”

கதவு சாத்திக்கொண்டது. அதன் பின்னால் ஒரு சின்னச் சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

நேரம் போயிற்று. அவளுடைய அண்ணன் பொறுமையிழந்து கதவைத் தட்டினார், பிறகு தள்ளினார். அசையவில்லை.

“பூட்டுக் கடையிலயே பூட்டு சிக்கிக்கிச்சு!” என்று ரேடியோவுக்கு ஒரே சந்தோஷம். ஓடிப் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

நான் கல்லா நாற்காலியை இழுத்து, அந்தக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

“தள்ளுங்க பெரியவரே! உள்ள என் தங்கச்சி இருக்கா!”

“என் தம்பியும்தான் இருக்கான். கடப்பாரையை மொதல்ல என் மேல வைங்க, அப்புறம் கதவு மேல வைக்கலாம்.”

அப்போதுதான் உள்ளே அவள் சிரித்தாள்.

மணமாகி வந்த புதிதில், தெரு வரைக்கும் கேட்கிறதே என்று எங்கள் அம்மா கண்டித்த சிரிப்பு. நோய்க்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை. இப்போதும் தெரு வரைக்கும் கேட்டது. நான் கண்டிக்கவில்லை.

நான் எழுந்து நாற்காலியை நகர்த்தினேன். கதவு திறந்தது.

முன்னால் அவள் வந்தாள், தலையில் துணி இல்லாமல். துணி தம்பியின் கையில் இருந்தது. அதில் முகம் துடைத்திருந்தான். சாவி வெட்டுகிறவன் விரலில் எப்போதும் பித்தளைத் தூள் ஒட்டியிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அவள் உச்சந்தலை முழுவதும் மின்னியது.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அண்ணா, பெட்டியைக் கொண்டுபோய் வீட்டுலயே எறக்கிடு” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “இனிமே உங்களுக்குத் தபால் வேலை இல்ல மாமா.”

துணியைத் திரும்பக் கட்டாமலே, அவன் பக்கத்தில், கடைத்தெரு முழுவதும் பார்க்க நடந்து போனாள்.

இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. எங்கள் கடைப் பூட்டு சிக்கிக்கொண்டதாம். புருஷனும் பெண்டாட்டியும் வெளியே வர வழியில்லாமல்தான் சமாதானம் ஆனார்களாம். எல்லாம் ரேடியோவின் ஒலிபரப்பு.

தவறு. அது எங்கள் அப்பா தன் கையால் செய்த பூட்டு. இதுவரை சிக்கியதில்லை. அன்றும் சிக்கவில்லை.

கதவு உள்ளிருந்து தாழ்ப்பாள் போடப்பட்டிருந்தது. தாழ்ப்பாளோடு வளையல் சத்தமும் கேட்டது.

என் தம்பி வளையல் போடுவதில்லை.