பாடத்துக்குக் குரல் கொடுத்தவள்

கல்வி இலாகா அதிகாரி கூப்பிடுகிறார் என்றதும் காளியம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். மலேசியாவில் மெர்போக் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் கூட்டிப் பெருக்குகிற தன்னிடம் அவருக்கு என்ன வேலை? பேட்ரிசியா டீச்சரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் வெளியே வந்துவிட்டதோ?

அலுவலகத்தில் அதிகாரி புவனேஸ்வரனுக்கு எதிரே டீச்சரும் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல பாக்குற தமிழ்ப் பாடத்துல பேசுறது நீங்களாக்கா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்கய்யா. என் குரலு பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்னு டீச்சர் கேட்டாங்க. தப்புன்னா மன்னிச்சிருங்க. வேலைய விட்டு எடுத்துறாதீங்க."

"தப்பு ஒண்ணும் இல்ல லா! சுங்கைப் பட்டாணி டவுன்லகூட பிள்ளைங்க இந்தக் குரலத்தான் கேக்குதுங்க. இன்னும் நாப்பது பாடம் செய்யணும். இதக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

அவர் நீட்டிய தாளை வாங்கியவள் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கண்ணாடி கொண்டாரலங்கய்யா..."

அதிகாரி தம் கண்ணாடியையே கழற்றிக் கொடுத்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

காளியம்மா உடைந்துபோனாள். "எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதுங்கய்யா. டீச்சர் ஒவ்வொரு வரியா சொல்லுவாங்க. நான் கேட்டுத் திருப்பிச் சொல்லுவேன். அவ்வளவுதான்."



பிறகு அதிகாரி எழுந்து தம் நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். ஒரு பென்சிலைக் கையில் கொடுத்து, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, முதல் பாடத்தைத் திறந்தார்.

"இதுதான் 'அ'. பயப்படாம எழுதுங்க, கண்ணுங்களா" என்றது கணினியிலிருந்து காளியம்மாவின் குரல்.