வியாகுலம் ஞாபகார்த்த பஸ் ஹோல்ட்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: காலஞ்சென்ற வியாகுலத்தின் மனைவி சிசிலி, மகள் ஷிராணி, தம்பி ஜூலியன் மாஸ்டர், லீவு நாளில் தேநீர் குடிக்க வந்திருந்த லிந்துலை பஸ் டிரைவர் கபிரியேல். குடும்ப விஷயம், சரியாகச் சொல்லிவிட வேண்டும். தாமும் இருந்ததாகச் சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம்.

"சம்மனசு செலதான் வைக்கணும். ஆறடி ஒசரத்துல, ரெண்டு ரெக்கையும் விரிச்சு!" என்றார் ஜூலியன். அண்ணன் இறந்து ஐந்து வருடமாகியும் கல்லறையில் ஒரு தேவதூதர் சிலைகூட இல்லாமல் வெறும் சிலுவை நிற்பது குடும்பத்துக்கு அழகில்லை என்பது அவர் கட்சி.

"போன மாசக் காத்துல கோயில் கூரையே பறந்துச்சு சித்தப்பா. சம்மனசு நிக்குமா?" என்றாள் ஷிராணி.

"பறக்கத்தானே ரெக்க!" என்றார் சிசிலி. மூவரும் சிரித்ததில் மேசையிலிருந்த தேநீர் சிந்தியது. ஜூலியன் மட்டும் சிரிக்கவில்லை.

சிசிலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, நம்ம தோட்டத்து முடக்குல, ரோடு வளையிற எடத்துல, அவரு பேருல ஒரு பஸ் ஹோல்ட் கட்டுவோம். இப்ப பஸ்சு நிக்காமப் போயிருது. சாகுறதுக்குள்ள எனக்கு அது ஒன்னுதான் ஆச."

"அண்ணன் பேருக்குக் கீழ வெத்தல துப்புவானுங்க அண்ணி!"

"துப்புறவன நான் பாத்துக்கிறேன் மாஸ்டர்," என்று எழுந்தார் கபிரியேல். "கூரைக்குத் தகரம் நான் தர்றேன். பெயின்டும் நானே அடிக்கிறேன்."

ஜூலியனின் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தீங்களா? டிரைவரே தகரம் தர்றாரு. எங்க அண்ணனோட மதிப்பு அப்படி!" அத்தோடு சம்மனசு தோற்றது.

திறப்பு விழாவில் தப்பு முழங்கியது, பட்டாசு வெடித்தது. ஃபாதர் மந்திரிக்கத் தெளித்த தீர்த்தத்தை மழை அடித்துக்கொண்டு போனது. முதல் பஸ் வந்து நின்றதும் சிசிலி புதுச்சேலையோடு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். லிந்துலை வரை போய், இறங்காமலே திரும்பி வந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

ஒரு மாதம் கழித்து, லிந்துலையில் பைஸர் நானாவின் கடைக்கு ஜூலியன் சீனி வாங்கப் போனார்.

"மாஸ்டர், கேக்கிறேன்னு கோவிக்காதீங்க," என்று பைஸர் குரலைத் தாழ்த்தினார். "புருஷன் நெனப்புல ஒங்க அண்ணிக்குப் புத்தி பெரண்டுபோச்சாமே? எறங்காம பஸ்ஸிலயே சுத்துறாங்கன்னு டவுனே பேசுது."

ஜூலியன் குடையை மடக்கி, முதுகை நிமிர்த்தினார்.

"புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு நானா. வர்ற ஞாயிறு கோயில்ல அவங்களுக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறாங்க, மாப்பிள்ள டிரைவர் கபிரியேலு."