கத்திரிக்காய்க் குழம்பு

என் கீழுதடு ஒருமுறை எனக்கு முன்பாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இறால் எனக்கு ஆகாது. அன்று சம்பந்தி வீட்டில் வெறும் கத்திரிக்காய்க் குழம்புதான் சாப்பிட்டேன். முகம் பலாப்பழமாகி, வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள். பேரனின் பிறந்தநாள் விருந்தில் இதை நான் அளந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். “எல்லாம் அண்ணாச்சி நடிப்பு” என்று ஐந்து வருடமாக அடித்துச் சொல்லும் சம்பந்தியம்மா பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. பேரனுக்கும் இறால் ஆகாது என்று போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். “காஞ்ச எறாலப் பொடிச்சுக் கொழம்புல கலந்து குடு அக்கா, புள்ளைக்குத் தெரியவா போவுது?” என்றாள் அவள் தங்கை. பிலோமினா பேரனின் தட்டைத் தன் பக்கம் இழுத்து முந்தானையால் மூடினாள். “அண்ணாச்சி சொல்லுதது நெசம்” என்றாள், தரையைப் பார்த்தபடி. “அன்னைக்கு நானும் அப்படித்தான் கலந்தேன்.”