சுவர்ப் பக்கம்

தென்னமெரிக்காவில், கரும்புத் தோட்டங்கள் நிறைந்த கயானாவில் பிறந்து பத்தொன்பது வயதில் லண்டனுக்குக் கப்பலேறிய ஐரிஸ் வீராசாமி, முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டே ஓவியம் வரைந்தாள். மனிதர் இல்லை, மரம் இல்லை, வெறும் நிறங்கள். அறுபத்திரண்டு வயதில்தான் முதல் தனிக் கண்காட்சி அமைந்தது. திறப்புக்குக் கால் மணி நேரம் முன்னால் கூடத்துக்குள் வந்தவள் திகைத்து நின்றாள். ஒவ்வொரு ஓவியத்தின் கீழும் சுவரில் கேலரி நடத்தும் மார்ட்டின் ஒரு தலைப்புச் சீட்டை ஒட்டியிருந்தான். ‘எரியும் கரும்புக் காடு’. ‘அம்மாவின் ஆறு’.

“யாரைக் கேட்டு இந்தப் பேரெல்லாம் வெச்சே?”

“உங்க ஊர்க் கதை இல்லேன்னா யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க, ஐரிஸ். இத்தனை வருஷமா யார் பார்த்தாங்க?”

அது உண்மை. அவள் முதல் ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள்.

“அது கரும்புக் காடு இல்லை. சிவப்பு.”

அவள் சீட்டைத் தொடவில்லை. ஓவியத்தை ஆணியிலிருந்து இறக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தாள். அடுத்ததையும் இறக்கினாள். மார்ட்டின் ஓடிவந்து சட்டத்தைப் பிடித்தான்.

“வெளியே ஆளுங்க வந்தாச்சு!”

“கையை எடு.”

எடுத்தான். கடைசி ஓவியமும் திரும்பியபோது வாசல் மணி அடித்தது. மார்ட்டின் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து, முதல் சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பத் தொடங்கினான். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. மணி மறுபடியும் அடித்தது.