பதினான்காம் எண் வீடு

மே 18, சனி. ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சிறியதுதானா என்று இப்போது சந்தேகம்.

கறுப்பின மக்கள் வாழும் எங்கள் தெருவுக்கு மறுபடி உயிர் வரட்டும் என்று, மாலை வகுப்பில் படிக்கும் நாங்கள் கையில் படிவத்துடன் வீடு வீடாகக் கதை சேகரித்து வாசலில் பலகை நட்டோம். சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக்காட்டுவது என் வேலை.

ஊதாத் தொப்பி அணிந்த அம்மாள் ஒருவர் ஆறாவது வாரமாக வந்திருந்தார்.

பதினான்காம் எண் வீட்டுப் பலகையை வாசித்தேன். "தையல்காரர் வெர்டெல் பெட்டிஸ் வாழ்ந்து மறைந்த வீடு. பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்கு நாற்பது வெள்ளைக் கோட்டுகள் தைத்தவர்."

"வெள்ளை இல்ல கண்ணு, ஊதா. பட்டனும் அவளேதான் தைச்சா."

கூட்டம் சிரித்தது. எனக்கு எரிச்சல். "எல்லாம் தெரிஞ்சவங்க எதுக்கு மேடம் வாராவாரம் வர்றீங்க?"

"வெர்டெலப் பத்தி இங்க மட்டுந்தான பேசறாங்க!"

எல்லோரும் போனபின், அவர் கைப்பையிலிருந்து சாவி எடுத்து அந்த வீட்டின் பக்கவாட்டுக் கேட்டைத் திறந்தார்.

"மிஸ் வெர்டெல்?" பின்னாலேயே ஓடினேன். "மூணு தடவ வந்து தட்டினேனே!"

"முன்கதவத்தான? இந்தத் தெருவுல முன்கதவத் தட்டறவன் போலீஸ், இல்லன்னா சாவுச் சேதி சொல்றவன். மனுஷங்க பின்னால சமையக்கட்டுப் பக்கம் வருவாங்க. உங்கம்மா சொல்லித்தரலயா?"

சொல்லித்தந்திருந்தார். படிவம் கைக்கு வந்ததும் மறந்துவிட்டேன்; யாரும் திறக்காததால் 'மறைந்தார்' என்று எழுதிக்கொண்டேன்.

"உயிரோட இருக்கேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பலகைய எடுத்துடுவீங்க. பின்கதவத் தட்ட ஆள் வந்து நாலு வருஷமாச்சு, பொண்ணே."

நாளை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பலகையைத் திருத்த வேண்டும். அதற்கு முன் பின்கதவைத் தட்ட வேண்டும்.