அசையாத ஸ்க்ரூ

தோட்டத்து டிராக்டரின் சக்கர அச்சில் பேரிங் இறுகிக் கிடந்தது. அதைப் பிடித்திருந்த குட்டி ஸ்க்ரூ, எண்ணெய் விட்டும் சூடு காட்டியும் அசையவில்லை.

“எந்தப் புண்ணியவான் இதை முடுக்கினான்? கையில கிடைச்சா தொலைஞ்சான்!” என்று கத்தினார் மெக்கானிக்.

பக்கத்தில் நின்ற மனைவி தலைகுனிந்தாள். “நான்தாங்க. போன வருஷம் நீங்க கை ஒடிஞ்சு படுத்திருந்தப்ப வந்த வண்டி. சக்கரம் கழண்டுடுமோன்னு பயந்து, பலம் கொண்ட மட்டும் முடுக்கிட்டேன்.”

ஓரமாக உட்கார்ந்திருந்த டிராக்டர் சொந்தக்காரர் சட்டென்று எழுந்து அவளைக் கும்பிட்டார்.

“போன வாரம் சரிவுல வண்டி சறுக்கிடுச்சும்மா. அச்சு வளைஞ்சும் சக்கரம் கழண்டு ஓடல. ஓட்டிட்டிருந்தது என் பொண்ணு. ஒரு கீறல் இல்லாம வீடு வந்து சேர்ந்தா.”

மெக்கானிக் தன் ஸ்டூலை மனைவிக்கு இழுத்துப் போட்டார்.

“உட்காரு. புதுப் பேரிங்கையும் நீயே மாட்டிடு.”